விளக்கு வைக்கமுதல்

மார்ச் 2, ஞாயிறு

விடியப் பனி. எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று. வெட்டு முடிந்து நெல் மூட்டை எல்லாம் ஹோலுக்குள். நடக்க இடமில்லை. எலி வேறு.

பின்னேரம் மகள் போன் எடுத்தாள். வவுனியாவில் என் தங்கை வீட்டில் நின்று படிக்கிறாள் அல்லவா, வாய் நீண்டுவிட்டது. வருகிற சனி எங்கள் கலியாண நாள் என்று எனக்கே ஞாபகப்படுத்துகிறாள். அப்பாவுக்கு என்ன கொடுக்கப்போகிறீர்கள் என்று கேட்டாள். சேர்ட் என்றேன்.

"போன வருசச் சேர்ட் இன்னும் பொலித்தீனோட அலுமாரிக்குள்ள கிடக்குது அம்மா. சேர்ட்டை விடுங்கோ. அப்பாவை வெளியில கூட்டிக்கொண்டு போங்கோ. ரெண்டுபேர் மட்டும். நான் வரமாட்டன், சித்தி வரமாட்டா, மலர் மாமி வரமாட்டா."

கொஞ்சம் கடித உறை எடுத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் இடம் எழுதி வைப்பதாம். மாலைநேரம் போய்ச் சாப்பிட்டுக் கதைத்துவிட்டு வருவதாம். போனில் பார்த்திருக்கிறாள். "உங்கட அப்பாவோ? பின்னேரமோ?" என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். இவர் ஆறு மணிக்குப் பிறகு வாசல் படலை தாண்டமாட்டார் என்பது ஊருக்கே தெரிந்த பகிடி.

ஆனாலும் படுக்கப் போகும்போது அதே யோசனை.

மார்ச் 3, திங்கள்

தேங்காய் இல்லை. சம்பலும் இல்லை. பருப்போடு விட்டாச்சு.

யோசித்துப் பார்க்கிறேன். எங்களுடையது பார்த்துக் கட்டியதும் இல்லை, பழகிக் கட்டியதும் இல்லை. வயது வந்த பிள்ளைகளைச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போன காலம். தாலி ஏறிவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று ஒரு கதை. நான் பள்ளிக்கூடச் சட்டை மாற்றி ஒரு மாதம் இருக்காது. மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு. அன்று அந்தக் கோயிலில் எங்களைப் போல எத்தனையோ சோடி. ஐயருக்கே யாருக்கு யார் என்று குழப்பம். வெட்கப்பட்டு நிமிர்ந்து பார்க்க எல்லாம் நேரமில்லை. இவருடைய முகத்தை நான் நேரே பார்த்தது பங்கர் வெட்டும்போது. மண் பூசிய முகம்.

எல்லாரும் முதலில் செய்வதை நாங்கள் இன்னும் செய்யவில்லை. சரி. செய்யத்தான் போகிறேன்.

மார்ச் 5, புதன்

கறுத்தக் கோழி குஞ்சு பொரித்துவிட்டது. மகிழ்ச்சி.

ஐந்து உறை. உள்ளே:

குளக்கட்டு. கச்சான் கடலை வாங்கிக்கொண்டு நடக்க.
கிளிநொச்சி டவுண். கொத்து ரொட்டி. பிறகு ஐஸ்கிறீம் (இவருக்குப் பல் கூசும், எனக்கு).
விசுவமடு. என்னோடு படித்த யோகா கூல் பார் போட்டிருக்கிறாள்.
புதுக்குடியிருப்பு. சந்திக் கடையில் மீன் ரோல்ஸ் நல்லதாம்.
முல்லைத்தீவு. கடல். கால் நனைக்க.

முதலாவது வீட்டுக்குக் கிட்ட. அடுத்தது கொஞ்சம் தூரம். அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். கன்றைக் கயிற்றில் பழக்குகிற மாதிரி, மெல்ல மெல்ல. என் கெட்டித்தனத்தை நானே மெச்சினேன்.

பக்கத்து வீட்டு மலர் அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா. என்ன ஒட்டுகிறாய் என்றா. சொன்னேன்.

"உவனோ? பொழுதுபட்டா விளக்கு வைக்கிற ஆம்பிளை உவன் ஒருத்தன்தான் இந்த ஊரில. உன்னோட ஊர் சுத்த வருவானோ?"

"வருவார் அக்கா."

"வந்தா நான் மொட்டை அடிக்கிறன்."

ம. அக்காவுக்கு நல்ல அடர்த்தியான தலைமயிர். பாவம்.

மார்ச் 8, சனி

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

காலையில் பாயசம். இவருக்குப் புட்டும் மீன் குழம்பும். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. உறைகளைக் கொடுத்தேன். ஒன்றை மட்டும் உடையுங்கோ, மற்றது பிறகு என்றேன். கேட்கவில்லை. எங்கே கொண்டுபோகிறார்கள் என்று தெரியாமல் இவரால் எந்த வாகனத்திலும் ஏற முடியாது. ஐந்தையும் உடைத்தார். ஒவ்வொன்றாக வாசித்துச் சிரித்தார். "கொத்து உமக்கு, பில் எனக்கோ?" என்றார். மேசையில் வரிசையாக வைத்தார்.

பிறகு சிரிப்பைக் காணவில்லை.

"இஞ்சேரும். இது நாங்கள் போன பாதையெல்லே."

எனக்கு விளங்கவில்லை. விரலை வைத்துக் காட்டினார். குளக்கட்டால் இறங்கினது. கிளிநொச்சி. விசுவமடு. புதுக்குடியிருப்பு. கடல்.

கடைசிச் சண்டையில், செல்லடிக்குள், நாங்கள் சைக்கிளும் பானையும் பாயுமாக நகர்ந்து நகர்ந்து போன அதே ஒழுங்கு. ஒன்றுகூட மாறவில்லை. ரோல்ஸும் ஐஸ்கிறீமும் எழுதி வைத்திருக்கிறேன் அதற்கு.

சத்தியமாக எனக்குத் தெரியாது. பழக்குவதற்கென்று தூரம் பார்த்துத்தான் எழுதினேன். எழுதின கை என்னுடையது. எனக்கே கையைப் பார்க்கப் பயமாக இருந்தது.

இவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நல்லது. விசுவமடு எழுதின துண்டை மட்டும் எடுத்துக் குப்புற வைத்தார். எழுந்து வெளியே போனார்.

பின்னேரம் வழமைபோல ஐந்தரைக்கு முகம் கழுவி, திரி திரித்து, விளக்கு வைத்தார். மகளுக்குப் போன். தினமும் ஒரே கேள்வி. "வீட்டையோ நிக்கிறாய்?"

மார்ச் 9, ஞாயிறு

காற்றே இல்லை. பாயசத்தை நாய்க்கு ஊற்றினேன்.

ரதி. இவருடைய தங்கை. எனக்கும் அவளுக்கும் இரண்டு வயது வித்தியாசம்தான். கலியாணம் கட்டி வந்த வீட்டில் எனக்குக் கிடைத்த ஒரே சிநேகிதி.

விசுவமடுவில் தறப்பாள் கூடாரத்துக்குள் இருந்தோம். தண்ணீர் முடிந்துவிட்டது. பிளாஸ்டிக் கானை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குக் கிளம்பினாள். அவளுடைய செருப்பு அறுந்துபோய்ப் பல நாள். "அண்ணி, உங்கட செருப்பைப் போட்டுக்கொண்டு போறன். விளக்கு வைக்கமுதல் வந்திடுவன்." அந்தத் தறப்பாளுக்குள் ஏது விளக்கு? வீட்டில் சொல்லிப் பழகின வாய். அவ்வளவுதான். சிரித்துக்கொண்டு போனாள்.

செல் அடித்தது கிணற்றுப் பக்கம் இல்லை, மற்றப் பக்கம். அதனால்தான் இவர் நம்பிக்கையை விடவில்லை. தேடினார். காயக்காரர் கிடந்த இடம் எல்லாம் பார்த்தார். கான்கூடக் கிடைக்கவில்லை. எங்களை நகரச் சொன்னார்கள். நகர்ந்தோம்.

பிறகு முகாம். பிறகு ஊர். வந்த நாளிலிருந்து பொழுதுபட இவர் வீட்டில். செத்த வீடு என்றாலும் ஐந்து மணிக்கு எழும்பிவிடுவார். மகள் பிறந்த அன்றும் ஆஸ்பத்திரியில் என்னையும் பச்சைக் குழந்தையையும் விட்டுவிட்டு விளக்கு வைக்க வந்தவர். வற்றாப்பளைக் கோயில் பொங்கலுக்கும் பகலில் போய்ப் பகலில் திரும்பல், அதுவும் விசுவமடு ரோட்டை விட்டு, மாங்குளம் சுற்றி. நான் ரோட்டு நல்லதென்று நினைத்தேனா? இல்லை. கேட்காமலே தெரிந்துதான் இருந்தேன்.

ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன், வேறு எங்கும் சொல்ல முடியாது. எனக்கு அந்தப் பிள்ளைமேல் பொறாமை. என் கலியாணத்தின் எல்லாப் பின்னேரமும் அவளுக்குத்தான். உயிரோடு இருக்கிறாளோ இல்லையோ தெரியாத ஒருத்தியோடு எப்படிச் சண்டை பிடிப்பது? ஒரு பின்னேரம் கேட்டேன். ஒன்றே ஒன்று. அதைக் கேட்கவும் அவள் போன வழிதான் என் கையில் வந்தது.

மார்ச் 11, செவ்வாய்

மின்சாரம் இல்லை காலை முழுக்க. ஆலைக்கு நெல் கொண்டுபோகவில்லை.

உறைகளை அடுப்பில் வைப்போம் என்று தேடினேன். மேசையில் இல்லை. இவருடைய சேர்ட் பொக்கற்றுக்குள் ஐந்தும்.

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தானாகவே கதைத்தார். சோற்றைப் பார்த்தபடி.

"அந்த ரோட்டால போனதுதான். திரும்பி வரேல்லை."

"ஆர், ரதியோ?"

"நாங்களும்தான். கடற்கரையில இருந்து ஆமிக்காரர் பஸ்ஸில ஏத்தி மற்றப் பக்கத்தால முகாமுக்குக் கொண்டுபோனவங்கள். ஊருக்கு விட்டதும் ஏ-நைன் ரோட்டால. அந்த ரோட்டால நாங்கள் இன்னும் வீட்டை வரேல்லையப்பா."

நான் பிசைந்ததை வாயில் வைக்கவில்லை.

"கடைசி என்வலப்பை முதல் எடுப்பம். கடலுக்கு மாங்குளத்தால போவம். அங்கயிருந்து அந்த ரோட்டால வருவம்."

போவம் என்றார். இவர் வாயால். ஆனால் திரும்பி வரப் பொழுதுபட்டுவிடும். இரண்டு பேருக்கும் அது தெரியும். விளக்கு வைக்க ம. அக்காவிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம். வேற ஆள் நிண்டா அவள் ஆக்கள் மாறிட்டினம் எண்டு நினைச்சுத் திரும்பிப் போயிடுவள்."

இவ்வளவு நாளில் இன்றுதான் அதை வெளியே சொன்னார். ரதி இந்த வீட்டைக் கண்டதே இல்லை. பழைய வீடு தரைமட்டம், இது வீட்டுத்திட்டத்தில் வந்த வீடு. படலையை மட்டும் பழைய இடத்திலேயே வைக்கவேண்டும் என்று இவர் ஒற்றைக் காலில் நின்றார். ரோட்டைப் பார்க்கத் திருப்பி வைத்தால் லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் நேரே உள்ளே வரும் என்று நான் எத்தனை தரம் கத்தியிருக்கிறேன். கடவுளே.

மார்ச் 15, சனி

போய்விட்டு வந்தோம். கண் எரிகிறது. மறக்கமுதல் எழுதவேண்டும்.

வெளிக்கிடமுதல், உச்சி வெயிலில், இவர் விளக்கு வைத்தார். எண்ணெய் நிரம்ப, தடித்த திரி. வேலிக்கு அந்தப் பக்கம் ம. அக்கா. "என்ன தம்பி, பகல்லயே விளக்கு?" இவர் படலையை அகலத் திறந்து கல் ஒன்று முண்டு கொடுத்தார். போன வருசப் பொலித்தீன் சேர்ட் போட்டிருந்தார். மடிப்புக் கோடு அப்படியே.

மோட்டார் சைக்கிள். கடல். யாரோ கரைவலை இழுத்த கயிறு சுருண்டு கிடந்தது. வலையின் கிழிசல் பொத்திக்கொண்டிருந்த ஒரு அம்மா, கழுத்தில் செபமாலை, எங்களைப் பார்த்துவிட்டு, "புதுச் சோடியோ பிள்ளை? தள்ளித் தள்ளி நிக்கிறியள்" என்றா. ஓம் அம்மா, புதுசுதான் என்றேன். கையைப் பிடித்தேன். ரோட்டிலோ வெளியிலோ இதுதான் முதல்தரம். கை வியர்த்திருந்தது. எடுக்கவில்லை. கால் நனைத்தோம். எனக்கு அழுகை வந்தது, இவருக்கு வரவில்லை.

வட்டுவாகல் பாலம். முள்ளிவாய்க்காலில் இவர் வேகத்தைக் கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. புதுக்குடியிருப்பில் நிற்காமல் வந்தோம், ரோல்ஸ் அடுத்த முறைக்கு.

விசுவமடு வர வெயில் சரிந்துவிட்டது. மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டினார். மணி பார்த்தார். மகளுக்குப் போன். "வீட்டையோ நிக்கிறாய்?" அவள் ஓம் என்றாள், நீங்கள் எங்கே என்றாள். "வெளியில. உங்கட அம்மாவோட." அவள் கத்தின கத்து எனக்கும் கேட்டது.

யோகாவின் கூல் பார் இரண்டு கடை தள்ளி. இவர் அங்கே போகவில்லை. செருப்புக் கடைக்குள் நுழைந்தார். பின்னால் போனேன்.

"உம்மட சைஸ் என்ன?"

சொன்னேன். சாதாரண இறப்பர் செருப்பு, நீல வார். ஒரு சோடியை என்னிடம் தந்தார். அதேபோல இன்னொரு சோடி எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டினார். "ரெண்டும் ஒரே சைஸோ அண்ணை?" என்றார் அவர். "ஓம், ஒரே சைஸ்."

மகளுக்காக்கும் என்று நினைத்தேன். அவளுக்கு என்னைவிடப் பெரிய கால்.

பிறகு கூல் பார். யோகா பலூடா தந்துவிட்டுக் காசு வாங்கமாட்டேன் என்று சண்டை. இவருக்குப் பல் கூசியது, ஆனாலும் குடித்து முடித்தார். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் இவரை வேறு வெளிச்சத்தில் இன்றைக்குத்தான் பார்த்தேன். காதோரம் நரைத்துவிட்டது. எப்போது நரைத்தது?

"அந்தக் கிணறு எங்க எண்டு தெரியேல்லையப்பா," என்றார். "எல்லாம் கடையாப் போச்சு."

வீடு. படலை திறந்தபடி. கல் அப்படியே. எண்ணெய் முடிந்து விளக்கு நூர்ந்திருந்தது. இவர் வாசலில் நின்று ஒரு கொஞ்ச நேரம் முற்றத்தைப் பார்த்தார். நான் அவருக்குப் பின்னால் நின்று பார்த்தேன். யாரும் வந்துபோன மாதிரி இல்லை. பிறகு நெருப்புப்பெட்டி எடுத்தார்.

மார்ச் 16, ஞாயிறு

பனி. நல்ல பனி.

விளக்குமாறோடு முற்றத்துக்கு வந்தேன். இவர் எழும்பவில்லை. பொழுது விடிந்தும் இவர் படுத்திருந்து நான் கண்டதில்லை.

படலையடியில் அந்தச் செருப்புச் சோடி. நீல வார். நுனி வீட்டைப் பார்த்தபடி, ஒன்றோடொன்று சேர்த்து. யாரோ வந்து கழற்றிவிட்டு உள்ளே போன மாதிரி. இரவு முழுக்க நனைந்திருக்கிறது.

ம. அக்கா வேலிக்கு மேலால்: "ஆரடி வந்திருக்கினம்? ஆற்ற செருப்பு?"

"அது எங்கட வீட்டுப் பிள்ளையின்ர, அக்கா."

முற்றம் முழுக்கக் கூட்டினேன். அதை அசைக்காமல் சுற்றிக் கூட்டினேன். பிறகு என்னுடையதைப் போட்டுக்கொண்டு தண்ணீர் அள்ளப் போனேன்.