வெளியே வைத்த தேனடைகள்

ஜூன் 9
பக்கத்து வீட்டு செனோனாஸின் தேனீக்கூட்டம் பிரிந்து, வேலி தாண்டி என் ஆப்பிள் மரத்தில் வந்து தொங்குகிறது! ஊர் வழக்கப்படி அது இனி எனக்கு. முதல் தேனில் பாதி அவருக்கு. நாங்கள் இனி பிச்சுலிஸ் — தேனீயால் உறவானவர்கள். அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "வில்னியஸ் மகாராணிக்குத் தேனீ வேற கேக்குதோ?"

அவர் மனைவி ஸ்டாசே அக்காதான் பழைய பெட்டி ஒன்றைத் தூக்கி வந்தாள். "அவரு கெடக்காரு. நீ வளத்துக்கோ விலியா."

விவாகரத்துக்குப் பிறகு வில்னியஸ் நகரத்தை விட்டு இந்தக் கிராமத்துக்கு வந்த என்னை உறவென்று சொல்ல யார் இருந்தார்கள்? இந்தப் பெட்டிதான் இருக்கிறது.

ஜூலை 14
கொட்டு வாங்கி இடது கண் திறக்கவில்லை. சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 2
முதல் தேன்! வெள்ளரிக்காயை நீளமாக வெட்டி, மேலே தேன் ஊற்றி, அக்காவும் நானும் கை வழிய வழியத் தின்றோம். செனோனாஸுக்குப் பாதியைக் கொடுத்தேன். தேன் எடுத்த அடைகளில் பிசுபிசுவென்று மிச்சம். என்ன செய்வது என்று அவரையே கேட்டேன். சிரித்தார்.

"பெட்டி பக்கத்துலயே வெளியில வச்சிரும்மா. அதுங்களே நக்கிச் சுத்தம் பண்ணிடும்."

அம்மா என்று கூப்பிட்டார்!

ஆகஸ்ட் 3
ஐயோ. அடை வாசனைக்கு அவர் தேனீக்கள் மொத்தமும் பாய்ந்து வந்தன. அடை தீர்ந்ததும் உள்ளே இருக்கும் தேனைக் கொள்ளையடிக்க என் பெட்டிக்குள் புகுந்துவிட்டன. என் தேனீக்களைக் கடித்து, கொட்டி, வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டே — ஈரச் சாக்கைப் போட்டேன், தண்ணீர் பீய்ச்சினேன், ம்ஹும். ராணி புல்லில் கிடந்தாள். சிறகு இல்லை.

தெரிந்துதானே சொன்னீர்கள் என்று கத்தினேன். கிழவன் வேலியில் சாய்ந்து நின்றான்.

"என்னுது எனக்கே திரும்பி வந்துடுச்சு. அவ்ளோதான்."

ஆகஸ்ட் 5
குழி தோண்டிப் புதைத்தேன். இங்கே தேனீயை மனிதரைப் போலத்தான் புதைப்பார்கள். அக்கா அழுதாள். நான் அழவில்லை.

மறு வருடம், மே 20
பக்கத்து ஊரிலிருந்து இரண்டு கூட்டம் கொண்டுவந்தேன். கிட்டே போனாலே கொட்டும் சாதி. அப்படித்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன்.

ஜூலை 6
கிழவனுக்குப் பக்கவாதம். பேச்சு போய்விட்டது. அவன் பெட்டிகளில் குளிருக்குத் தப்பிய ஒரே பெட்டி தெரியும்படி ஜன்னலோரம் கிடத்தியிருக்கிறாள் அக்கா.

ஆகஸ்ட் 4
அக்கா முதன்முறையாகத் தானே தேன் எடுத்திருக்கிறாள். கை முழுக்கக் கொட்டு. எனக்கு வெள்ளரிக்காயும் ஒரு கிண்ணம் தேனும் கொண்டுவந்தாள்.

"அந்த ஈர அடையெல்லாம் என்னடி பண்றது? அவரைக் கேட்டா கண்ணீரா விடறாரு. ஒண்ணும் புரியல."

வெள்ளரிக்காயைக் கடித்தேன். நல்ல தேன்.

"பெட்டி பக்கத்துலயே வெளியில வச்சிருங்கக்கா," என்றேன். "அதுங்களே நக்கிடும்."