குளிர்ந்த குழலின் முதல் வெடி

நேற்று உன் மகள் உன் துப்பாக்கியைப் பொலிஸில் ஒப்படைத்துவிட்டு, அதனோடு கிடந்த தகரப் பெட்டியை என் சமையலறை மேசையில் கொண்டுவந்து வைத்தாள். மூடியைத் திறந்ததும் குழல் துடைக்கும் எண்ணெயின் வாசனை எழுந்தது. உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கன்று வராத கண்ணீர் இதற்கும் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. பெட்டிக்குள் இலக்குத் தாள்கள், எண்ணெய் ஊறி மஞ்சளேறி. அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவள் ஒரு கேள்வி கேட்டாள். நான் பதில் சொன்னேன். அந்தப் பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன், தம்பி. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கொழும்புக் கலவரத்தில் வீடு எரிந்த பிறகு என்னை ஒக்லாந்துக்கு எடுப்பித்தவன் நீ. அதை நான் மறுத்ததில்லை. நீயும் மறக்க விட்டதில்லை. புள்ளிவிபரவியலில் சிறப்புப் பட்டம் பெற்றவள் ஒடாஹுஹு என்ற புறநகரில் ஒரு தையல் தொழிற்சாலையில் சட்டைப் பை தைத்தேன். நான் அனுப்பிய விண்ணப்பங்களுக்கெல்லாம் ஒரே பதில்: உள்ளூர் அனுபவம் இல்லை. நீ வேலை செய்த பென்ரோஸ் தொழிற்சாலையில் தண்ணீர்க் குழாய் இணைப்புகள் செய்தார்கள். அங்கே தரம் பார்க்கும் அறை ஒன்று இருந்தது. நூற்றில் சிலவற்றை எடுத்து அளந்து, மீதி எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்லும் அறை. நான் படித்ததே அந்தத் தீர்ப்பைச் சொல்லத்தான். அந்த அறையில் எனக்கு ஒரு கதிரை வேண்டும் என்பதைத் தவிர அப்போது வேறு ஆசை எதுவும் எனக்கு இருக்கவில்லை.

அந்த அறையின் தலைவர் பாரி. சனிக்கிழமைகளில் அவரே துப்பாக்கிக் கழகத்தின் தலைவரும். அவருடைய கூட்டத்தோடு மான் வேட்டைக்குப் போனால்தான் நீயும் இந்த நாட்டு மனிதனாவாய் என்று நம்பினாய். வெடிச் சத்தத்துக்குப் பயந்து கடல் தாண்டிய குடும்பம் வெடி வாங்கக் கிளம்பியது. உன் அனுமதிப்பத்திரத்துக்காக வீட்டுக்கு வந்த பொலிஸ்காரர், நீ கோபக்காரனா என்று என்னைக் கேட்டார். கோபப்படுவதற்கும் பிந்தி வருகிறவன் என்றேன். அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

கடையில் இரண்டு துப்பாக்கிகளுக்கிடையே நீ தடுமாறினாய். ஒன்றின் பிடிக்கட்டை தேன் நிறத்தில் மினுங்கியது; அதற்கு நீ "மாப்பிள்ளை" என்று பெயர் வைத்தாய். மற்றது கொத்தனாரின் கை போலக் கறுத்து முரடாக இருந்தது; அது "மேசன்". மாப்பிள்ளையின் பெட்டிக்குள் துப்பாக்கித் தொழிற்சாலையே சுட்டுப் பார்த்து வைத்த அட்டை ஒன்று இருந்தது. அதில் மூன்று துளைகள்.

"பாருங்கோ அக்கா, மூண்டும் ஒண்டோட ஒண்டு ஒட்டி நிக்குது."

"மூண்டே மூண்டை வைச்சு உன்னையும் நல்ல பிள்ளையெண்டு நிரூபிக்கலாம். எத்தினை சுட்டுப்போட்டு இந்த மூண்டைப் பொறுக்கினவங்களெண்டு கேட்டனியோ?"

கடைக்காரரும் கழகத்து ஆள்தான். ஐந்து சனிக்கிழமைகள் இரண்டையும் கழகத்தின் சுடும் திடலுக்குக் கொண்டுவரச் சம்மதித்தார். ஒழுங்கை நான் வகுத்தேன். ஒரே பெட்டித் தோட்டா, ஒரே தூரம், சுடுகிறவனும் ஒருவனே. ஒவ்வொரு சனியும் ஒவ்வொன்றிலும் ஐந்து வெடி. ஒரு கிழமை இது முதலில், மறு கிழமை அது. நான் காருக்குள் இருந்து தொலைநோக்கியால் பார்த்து ஒவ்வொரு துளைக்கும் வரிசை எண் குறித்தேன். கழகத்து ஆண்கள் என்னைச் சாப்பாடு கொண்டுவரும் அக்கா என்று நினைத்தார்கள். பாரிக்கு என் கட்லட் நன்றாகத் தெரியும்.

மாப்பிள்ளையில் ஒவ்வொரு முறையும் நான்கு துளைகள் ஒரு நாணயத்தால் மறைக்கக் கூடியவையாக விழுந்தன. ஒன்று மட்டும் தள்ளிப் போயிற்று. அந்த ஒன்றை நீ பென்சிலால் வெட்டிவிடுவாய்.

"அது கணக்கில்லை, அக்கா. குழல் குளிர். ரெண்டாவதிலயிருந்துதான் அது தன்ர குணத்தைக் காட்டும்."

"மான் உன்ர குழல் சூடாகுமட்டும் நிக்குமோடா?"

நீ பென்சிலைச் சட்டைப் பையில் செருகினாய்.

ஐந்தாவது சனிக்கிழமை பின்னேரம், கேக் தட்டில் விரிக்கும் மெல்லிய தாளில் எல்லாத் துளைகளையும் பிரதி எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக யன்னல் கண்ணாடியில் பிடித்துப் பார்த்தேன். முதல் வெடிகளை மட்டும் சிவப்பாக்கினேன். மாப்பிள்ளையின் ஐந்து முதல் வெடிகளும் ஐந்து திசையில் சிதறிக் கிடந்தன. மேசனின் துளைக் கூட்டம் சற்று அகலம். ஆனால் அதன் முதல் வெடி ஐந்தும் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே இருந்தன. வேட்டைக்காரனுக்குக் கிடைப்பது ஒரே ஒரு வெடி. அதுவும் குளிர்ந்த குழலிலிருந்து. ஆகவே மேசன். ஒரு பக்கத்தில் எழுதி, அளவுகளை அட்டவணையாக்கி, காரணத்தையும் சொன்னேன். இந்த நாட்டில் நான் செய்த முதல் உருப்படியான வேலை அது.

"இதைப் பாரியிட்டக் காட்டு. ஆர் செய்ததெண்டு கேட்டால் என்ர பேரைச் சொல்லு. வேறையொண்டும் கேக்கேல்ல."

"சொல்லாமல் விடுவனே, அக்கா? என்ன கதை கதைக்கிறீங்கள்!"

கழகத்தின் வருட முடிவு விருந்தில், இறைச்சி சுட்டுக்கொண்டிருந்த அடுப்புக்குப் பக்கத்தில், பாரி அந்தத் தாளை எல்லோருக்கும் உயர்த்திக் காட்டினார். முப்பது வருடம் வேட்டையாடிய தங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லையே என்றார். பிறகு உன் பக்கம் திரும்பி, இது உன்னுடையதா என்று கேட்டார். மூன்றடி தள்ளி நான் கட்லட் தட்டோடு நின்றேன். நீ என்னைப் பார்க்கவில்லை. "ஆம்" என்று ஆங்கிலத்தில் சொன்னாய். யோசிக்கக்கூட இல்லை. கைதட்டினார்கள். பாரியின் மனைவி என் காதருகே குனிந்து, உனக்குக் கெட்டிக்காரத் தம்பி என்றாள். நான் அவளுக்கு ஒரு கட்லட் கொடுத்தேன்.

திரும்பி வரும்போது காருக்குள் கேட்டேன்.

"ஏனடா?"

"அதிலை வைச்சுச் சொன்னா ஆரக்கா நம்புவாங்கள்? துவக்கைத் தொட்டும் பாக்காத பொம்பிளையின்ர கணக்கெண்டு சிரிச்சிருப்பாங்கள். ஆறுதலாச் சொல்லுறன்."

அடுத்த மாதம் தரம் பார்க்கும் அறையில் உனக்குக் கதிரை போட்டார்கள். ஓய்வு பெறும்வரை அதில் இருந்தாய். அந்த ஆறுதலான, அவசரமில்லாத வேளை ஒருபோதும் வரவில்லை. வந்தவை தொழிற்சாலைத் தாள்கள். "அக்கா, ஒருக்காப் பாருங்கோ, இந்தச் சராசரி இடிக்குது." பகல் முழுவதும் சட்டைப் பை தைத்த கையால் நான் உன் சராசரிகளைத் திருத்தினேன். நீ கெட்டவன் அல்ல. என் வீட்டுக் கூரை ஒழுகியபோது ஏணியோடு வந்தவன் நீ; என் கண் சத்திரசிகிச்சையன்று வைத்தியசாலை வாங்குப் பலகையில் விடியும்வரை இருந்தவனும் நீதான். அவையெல்லாம் நெருங்கி விழுந்த நல்ல வெடிகள். நான் அவற்றை ஒழுங்காகக் குறித்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் எனக்குச் சிரிப்பைத் தந்தது. அந்தத் தாளைப் படித்துவிட்டுக் கழகத்தில் நால்வர் மேசனை வாங்கினார்கள். தாளுக்குக் கைதட்டு வாங்கிய நீ, கட்டையின் மினுக்கத்தில் மயங்கி மாப்பிள்ளையை வாங்கினாய். முதல் வேட்டையில், முதல் வெடியில், மான் ஒரு தடவை உன்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனதாம். பாரியே எனக்குச் சொன்னார்.

நேற்றுத் தகரப் பெட்டியில் இலக்குத் தாள்களோடு அந்த யன்னல் தாள்கள் அத்தனையும் இருந்தன. என் சிவப்புப் புள்ளிகள், என் எழுத்து. எறிந்திருக்கலாம், நீ எறியவில்லை. மடிப்புக் கிழிந்த இடத்தில் பசைநாடாகூட ஒட்டியிருக்கிறாய். காட்டாமல் காப்பாற்றி வைத்ததை நான் கணக்கின் எந்தப் பக்கத்தில் எழுதுவது, வரவிலா செலவிலா? நீ அதற்கு அட்டவணை விட்டுப் போகவில்லை.

உன் மகள் அவற்றைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டாள்: "மாமி, இதெல்லாம் அப்பா செய்த கணக்கா?"

அவள் குரலில் பெருமை இருந்தது. நாற்பது வருடமாக நான் காத்திருந்த கேள்வி. கேட்பதற்கு ஒரே ஒருத்தி. சிரிக்க எவரும் இல்லை. உண்மை என் கையெழுத்திலேயே மேசையில் கிடந்தது.

"ஓம்," என்றேன்.

யோசிக்கக்கூட இல்லை. பாரி கேட்டபோது நீ சொன்ன அதே வேகம். அவள் போன பிறகுதான் தாள்களை மறுபடி விரித்துப் பார்த்தேன். அன்று அடுப்பருகே தட்டோடு வாய்மூடி நின்றவளும் நான்தான் என்பதை இத்தனை வருடமாக என் கணக்கில் நான் சேர்க்கவில்லை. உன்னுடைய ஒன்றை மட்டும் சிவப்பாக்கி வைத்திருந்தேன்.

இன்று காலை பெட்டியை மூடும் முன் பென்சிலைக் கூர்மையாக்கி, உன் "ஆம்", என் "ஓம்" இரண்டையும் குறித்தேன். எதையும் வெட்டவில்லை.