இதோ, அங்கதான்

லிஸ்பன், ஆகஸ்ட் 27

என் செல்ல மகள் லுசிந்தாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே தொடங்குகிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதத்தான் கை போனது, கடிதம் என்று எடுத்தாலே அந்த வரி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும், இந்தத் தடவை கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் உன் குரலைக் கேட்டவுடனே என் வாய் "எல்லாம் நல்லாருக்கும்மா, நீ கவலைப்படாத" என்று தன்பாட்டுக்குச் சொல்லிவிடுகிறது. மாடி வீட்டு ஒர்லாந்தா வெள்ளிக்கிழமை டொராண்டோவுக்குத் தன் மகன் வீட்டுக்குப் பறக்கிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவள் வாயைக் கிளறாதே, அவளுக்குப் பாதிதான் தெரியும், அந்தப் பாதியை ஒன்றரையாக்கிச் சொல்வாள். உட்கார்ந்து முழுதும் படி, நடுவில் போனை எடுக்காதே.

அம்மா வீட்டில் இல்லை. ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து கிராசா மேட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ கூப்பிட்டபோது கோயிலுக்குப் போயிருக்கிறாள், தூங்குகிறாள், தொண்டை கட்டிப் பேச முடியவில்லை என்று நான் சொன்னதெல்லாம் புளுகு. சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது என்றேனே, அதுவும் புளுகு. கணையத்தில் கட்டி, ஈரலுக்கும் போய்விட்டது, கத்தி வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். புது வேலையில் கால் ஊன்றி ஆறு மாதம் ஆகவில்லை, இப்போது லீவு கேட்டால் உனக்குக் கஷ்டம், இன்னும் கொஞ்ச நாள் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று நானே ஒரு கணக்குப் போட்டேன். அம்மாவிடமோ உனக்குச் சொல்லியாகிவிட்டது, நீ கிளம்பிவிட்டாய் என்று சொல்லி வைத்தேன். இரண்டு பக்கமும் பொய். திட்டுவதானால் திட்டு, எனக்கு அது வேண்டும். ஆனால் ஏன் இப்போது மட்டும் உண்மை பேசுகிறேன் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது, அதை உன்னைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல எனக்கு வழியில்லை.

நம் எஸ்ட்ரெலாவிலிருந்து கிராசாவுக்கு இருபத்தெட்டாம் நம்பர் டிராம்தான், என் முட்டிக்கு வேறு வழி கிடையாது என்று உனக்குத் தெரியும். ஆனால் அது இப்போது நம் வண்டியா? கமோன்களின் வண்டி, சுற்றிப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களின் வண்டி. கோடை முழுக்க முதல் நிறுத்தத்திலேயே வரிசையில் நின்று ஏறிவிடுகிறார்கள், ஏறினால் இறங்குவதில்லை, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வருகிறார்கள். பாவம், அவர்கள் காசு கொடுத்துத்தான் வருகிறார்கள், நான் குறை சொல்லவில்லை, இல்லை, அன்றைக்கு வயிறெரியச் சொன்னேன். பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை. பார்க்க விடுவது இரண்டிலிருந்து மூன்று மணி வரைதான். அம்மா ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைத் தொடுவதில்லை, நான் கொண்டுபோகும் கோழிக் கஞ்சி நாலு கரண்டி இறங்கும், அவ்வளவுதான். முந்தின நாள் டிராம் கிடைக்காமல் மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தேன், "வரமாட்டியோன்னு நெனச்சேன் அபீலியோ" என்று அழுதாள். அதனால் அன்றைக்கு ஒரு மணிக்கே வெயிலில் வந்து நின்றேன். மூன்று வண்டி நிற்காமல் போனது. நாலாவது நம் நெல்சனுடைய வண்டி, என்னிடம் பிரேக் பிடிக்கக் கற்றுக்கொண்ட பயல், கதவைத் திறந்து "ஏறுங்கண்ணே, இடமில்ல, மூச்சை மட்டும் ரோட்டுல விட்டுட்டு ஏறுங்க" என்றான். ஒரு கையில் கஞ்சித் தூக்கு, ஒரு கையில் கம்பி. வளைவுக்கு வளைவு முட்டியில் ஊசி குத்துகிறது, கஞ்சி வேறு மூடியின் ஓரமாகக் கசிந்து பேண்டில் ஊற்றுகிறது. வயதானவர்களுக்கான முன் இருக்கையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவரும் அவர் மனைவியும். என்னைவிட ஒன்றிரண்டு வயது கூடவே இருக்கும், அந்த இடம் அவர்களுக்கும் உரியதுதான், இருந்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்து, கையிலிருந்த வரைபடத்தில் விரலை வைத்து, "காஸ்டெலோ?" என்று கேட்டாள். கோட்டைக்கு எங்கே இறங்க வேண்டும் என்கிறாள். நாங்கள் அப்போது பேராலயத்தை நெருங்கிக்கொண்டிருந்தோம். கோட்டைக்கு இன்னும் மேலே போக வேண்டும், மேட்டு வளைவில் இறங்கினால் மெல்ல நடக்கிற வழி. முப்பத்தொரு வருஷம் அந்தப் பாதையில் ஓட்டியவனுக்கு அது தெரியாதா? நான் மணிக்கயிற்றை இழுத்தேன். வெளியே செங்குத்தாகப் போகும் படிகளைக் கை காட்டி, "இதோ, அங்கதான்" என்றேன். நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும், கால் மைலும் இதோ அங்கதான், இரண்டு மைலும் இதோ அங்கதான், கேட்கிற நமக்கும் அது தெரியும். அவர்களுக்கு எப்படித் தெரியும். விரலை ஐந்து என்று விரித்தும் காட்டினேன், ஐந்து நிமிடம். அந்த அம்மாளின் கையைப் பிடித்து நானே படியிறக்கிவிட்டேன், பையையும் எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவு அவசரம் எனக்கு. அவர்கள் கையசைத்தார்கள். நான் உட்கார்ந்தேன். நெல்சன் கண்ணாடியில் என்னைப் பார்த்தது தெரிந்தது. டிராம் ஓட்டுகிற நம் வேலைக்கே பிரேக்குக்காரன் என்றுதானே பெயர், அவ்வளவு வருஷம் பிரேக் பிடித்தவன் நாக்குக்கு ஒரு பிரேக் பிடிக்கவில்லை. ஒரு இருக்கைக்காக, லுசிந்தா. ஏழு நிறுத்தம் உட்கார்ந்து போவதற்காக.

அன்று அம்மா ஆறு கரண்டி குடித்தாள், எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மறுநாள் போனால் பக்கத்துக் கட்டிலில் புதிதாக ஒருத்தி, மூக்கில் குழாய், வெள்ளை முடி, நான் முகத்தைப் பார்க்கவில்லை. நாற்காலியில் இருந்த மனுஷன் எழுந்து வந்து என்னை அப்படியே கட்டிக்கொண்டார். அப்போதுதான் பார்த்தேன். டிராமில் நான் இறக்கிவிட்ட அதே கிழவர். பின்லாந்துக்காரர்கள், அவர் பெயர் எய்னோ, அவள் ஐரா. இங்கே டுல்சே என்று ஒரு நர்ஸ், கேப் வெர்டேக்காரி, அம்மாவுக்கு மிகவும் பிடித்தவள், அவள்தான் அவருடைய ஆங்கிலத்தை எனக்குச் சொன்னாள். அந்த அம்மாளுக்கு முன்பே இதயக் கோளாறு, ஒரு முறை இந்த மஞ்சள் டிராமில் போய்க் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு வந்திருக்கிறார்கள், மேடு ஏறக் கூடாது என்பதால்தான் வண்டியே. இரண்டாவது படித்திருப்பத்திலேயே அவள் உட்கார்ந்துகொள்கிறேன் என்றாளாம். இவர் சொல்லியிருக்கிறார், அந்த ஆள் பக்கத்தில்தான் என்றாரே, இன்னும் கொஞ்சம்தான். அதற்குப் பிறகும் இரண்டு திருப்பம் ஏறியிருக்கிறாள். தூரம் என்று தெரிந்திருந்தால் உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான், வேறொன்றும் வேண்டியதில்லை, உட்கார்ந்திருப்பாள். இதையெல்லாம் சொல்லிவிட்டு டுல்சே என்னிடம், "இந்த ஊர்ல அவங்களுக்கு ஒதவுன ஒரே ஆளு நீங்கதானாம், கையப் புடிச்சு எறக்கிவிட்டீங்களாமே, புண்ணியவான் சார் நீங்க" என்றாள். உன் அம்மா எர்மீனியா படுத்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவளிடம் எதை மறைக்க முடியும், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்று நாள் நாங்கள் இரண்டு கிழவர்களும் இரண்டு கட்டிலுக்கு நடுவில் முதுகோடு முதுகாக உட்கார்ந்திருந்தோம். கஞ்சியில் அவருக்கும் ஒரு கிண்ணம் கொடுப்பேன், கும்பிடுகிற மாதிரி தலையைக் குனிந்து வாங்கிக்கொள்வார், எனக்கு அந்தக் கரண்டியாலேயே குத்திக்கொள்ளலாம் போலிருக்கும். சனிக்கிழமை ஐரா போய்விட்டாள். சாவுக்குக் காரணம் இதயம் என்று எழுதியிருக்கிறார்கள், அது பொய்யில்லை, ஆனால் முழு உண்மை எது என்று எனக்குத் தெரியும். நான் டுல்சேயை வெளியே கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன், அவரிடம் மொழிபெயர்த்துச் சொல்லு, போலீசுக்குப் போவதானாலும் போகட்டும் என்றேன். அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். பிறகு சொன்னாள், "சொல்லி என்ன ஆகப்போவுது? யாருக்குப் பாரம் எறங்கும், அவருக்கா ஒங்களுக்கா? அந்தாளுக்கு இந்த ஊர்ல மிச்சம் இருக்கறது நீங்க ஒருத்தர்தான். அதையும் புடுங்காதீங்க. நீங்களே வச்சு அனுபவிங்க." அதற்குப் பிறகு என்னை அவள் புண்ணியவான் என்று கூப்பிடவில்லை, சார் என்றும் கூப்பிடவில்லை. திங்கட்கிழமை எய்னோ வரைபடத்தை எடுத்து அதே இடத்தில் விரல் வைத்தார். நான் கூட்டிக்கொண்டு போனேன். சரியான நிறுத்தத்தில் மணி அடித்து, சரியான வழியில், நடுவில் மூன்று இடத்தில் உட்காரவைத்து. மேலே போய் மதில் ஓரமாக நின்றபோது நம் பாஷையிலேயே அவரிடம் எல்லாம் சொன்னேன், ஒன்று விடாமல். அவருக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆற்றைக் காட்டி ஏதோ சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். என் தோளைத் தட்டிக்கொடுத்தார். வியாழக்கிழமை ஐராவின் சவப்பெட்டியோடு விமானம் ஏறிவிட்டார். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள், என் வினை வேறொருத்தியைச் சுட்டுவிட்டுப் போனது, நான் இன்னும் டிராமில் போய்வந்துகொண்டுதான் இருக்கிறேன், ஆனால் முன் இருக்கை காலியாக இருந்தாலும் உட்காருவதில்லை.

அம்மா தினமும் இரண்டு மணிக்கு நான் நுழைந்ததும் முதலில் கேட்பது, "லுசிந்தா எங்க வந்துட்டிருக்கா?" என்றுதான். நான் தினமும் "இதோ வந்துட்டா, டிக்கெட் போட்டுட்டா, இன்னும் கொஞ்ச நாள்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவளும் அதைக் கேட்டுவிட்டு வாயைத் திறந்து கஞ்சியை வாங்கிக்கொள்வாள், வேண்டாத கஞ்சி, வலியோடு விழுங்குகிற கஞ்சி. நேற்று அவள் நாலாவது கரண்டிக்கு வாய் திறந்தபோது எனக்கு அந்தப் படித்திருப்பம் ஞாபகம் வந்துவிட்டது. நான் இவளையும் அப்படித்தான் படியேற்றிக்கொண்டிருக்கிறேனே. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, லுசிந்தா கிளம்பவில்லை, நான் அவளுக்குச் சொல்லவே இல்லை, நீ முடியாவிட்டால் படுத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள், பல்செட் இல்லாத சிரிப்பு. "எனக்குத் தெரியாதா? நானும் இந்த ஊர்ல பொறந்தவதானே. நீ இதோன்னு சொன்னா எவ்வளவு தூரம்னு எனக்கு ஒன்னக் கட்டிக்கிட்ட அன்னிலேருந்து தெரியும்" என்றாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கிவிட்டாள் என்று தூக்கை எடுத்துக்கொண்டு எழுந்தேன். கண்ணைத் திறக்காமலேயே கேட்டாள், "அவ அந்த ஊருக்குப் போயி பதினோரு வருஷமாச்சே, ஒன் இதோவோட தூரம் அவளுக்கு இன்னும் தெரியுமா? நான் போய்ச் சேர்ற எடம் எவ்வளவு கிட்டன்னு அவளுக்குச் சொல்லு."

டாக்டர் இரண்டு வாரம் என்கிறார், டுல்சே அவ்வளவு இல்லை என்கிறாள், டுல்சேதான் கூடவே இருப்பவள். வேலையைப் பற்றி நான் போட்ட கணக்கை நீ அழித்துவிடு, உன் கணக்கை நீ போடு. வருவதானால் விமான நிலையத்திலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு டாக்சி பிடி, அம்மாவைப் பார்க்கிற அவசரத்தில் இருபத்தெட்டுக்குக் காத்து நிற்காதே, நிற்காமல் போய்விடுவான். பார்க்க விடும் நேரம் இல்லையென்றாலும் டுல்சே பெயரைச் சொல், விடுவாள். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். அந்த ஊரில் யாராவது வயதானவர்கள் உன்னிடம் வழி கேட்டால் தூரத்தைத் தூரம் என்றே சொல், உட்கார ஒரு இடத்தையும் காட்டு, எனக்காக இதை மட்டும் மறக்காதே. மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், அம்மாவின் ஆசீர்வாதத்தையும் சேர்த்தே எழுதுகிறேன், அவள் கை பேனா பிடிக்கவில்லை.

உன் அம்மா இதோ, அங்கதான் இருக்கிறாள் மகளே. இந்தத் தடவை அது நிஜமாகவே பக்கம்.

உன் அப்பா,
அபீலியோ