இனி என்னை மாமா என்று யார் கூப்பிடுவது?

என் கண்ணான தர்ஷன் தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். ஜெசிந்தா கல்யாணம் செய்யப் போகிறாள். செய்தியைத் தந்தது ஜெசிந்தாவேதான். நம் வீட்டு முன்னறையில், உன் அம்மா பக்கத்தில் இருக்கும்போது சொன்னாள். ஆகவே ஊர்ஜிதம் செய்ய வேறெங்கும் போக வேண்டியிருக்கவில்லை. மாப்பிள்ளை சுதாகர். வேறு சுதாகர் இல்லை, உன் சுதாகர்தான்.

செய்தியைச் சொல்லிவிட்டேன். இனி நான் எழுதப்போவதில் பாதிக்கு மேல் பொறாமைதான். நீ எனக்காக அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கண்டியில் நம்மைத் தெரிந்தவர்கள் இதைப் பற்றிப் பலவிதமாகப் பேசுகிறார்கள். செத்துப்போன சிநேகிதன் கட்டவிருந்த பெண்ணைக் கட்டுகிறான் என்று அவனையும், மூன்று வருஷத்துக்குள் மனம் மாறிவிட்டாள் என்று அவளையும். அதனால்தான் இதை, நான் வழக்கமாகச் செய்தி எழுதும் பத்திரிகையிலேயே எழுதுகிறேன். ஜெசிந்தா செய்தியைச் சொன்னதுமே, போடலாமா என்று அவளிடம் கேட்டேன். "போடுங்க மாமா. எப்படியும் பேசுறாங்க தானே, சரியாத் தெரிஞ்சுக்கிட்டுப் பேசட்டும்" என்றாள்.

அவள் என்னை மாமா என்று கூப்பிடுவது உனக்குத் தெரியாது. நீ இருக்கும்வரை அவளுக்கு நான் அங்கிள்தான். "மாமான்னு கூப்பிடு, வாய் சுளுக்கிக்காது" என்று நீ சீண்டுவாய். "தாலி ஏறட்டும், பார்ப்போம்" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். டெங்குக் காய்ச்சல் ஒரு வாரத்துக்குள் உன்னைக் கொண்டுபோன பிறகு, உன் பதினாறாம் நாள் காரியத்தன்று, நான் எதுவும் குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். கையில் கோப்பையுடன் வந்து முன்னால் நின்றாள். "மாமா, தேத்தண்ணி" என்றாள். நான் குடித்தேன்.

உண்மையில் என் முதல் பொறாமை அவள் மீதுதான். உனக்கு வேலை கிடைத்த செய்தி அவளுக்குக் காலையிலேயே தெரியும். எனக்கு இராச் சாப்பாட்டின்போதுதான் சொன்னாய். ஊர்ச் செய்தியெல்லாம் முதலில் கேட்கிறவனுக்கு வீட்டுச் செய்தி பிந்தித்தான் வந்தது. ஒரு மழை நாளில் வாவிக்கரையில், ஒரே குடைக்குள் நீங்கள் இருவரும் உட்கார்ந்திருந்ததைக் கண்டேன். குடை முகங்களை மறைத்திருந்தது. உன் முழங்கால்தான் உன்னைக் காட்டிக்கொடுத்தது. வீட்டில் ஆட்டுவதைப் போலவே அங்கேயும் ஆட்டிக்கொண்டிருந்தாய். நான் வீதியைக் கடந்து மறுபக்கமாகப் போனேன். அப்பாவிடம் பேச ஆறு சொல்லுக்கு மேல் இல்லை, இவளிடம் மட்டும் என்னடா இவ்வளவு கதை என்று கேட்டுக்கொண்டே போனேன்.

நீ போன பிறகு அந்தப் பொறாமை இடம் மாறியது. அவளை யாராவது உற்றுப் பார்த்தால் உனக்காக நான் எரிச்சல்பட்டேன். சுதாகர் மீது மட்டும் எரிச்சல் வரவில்லை. அவன் உன் ஆள் அல்லவா?

ஒவ்வொரு மாதமும் உன் திதிக்கு இருவரும் வருவார்கள். ஜெசிந்தா தெல்தோட்டையில் படிப்பிக்கிறாள். பாடசாலை விட்டு பஸ்ஸில் வந்து இறங்குவாள். சுதாகர் அவனுடைய ஹார்ட்வெயார் கடையைப் பூட்டிவிட்டு, வழியில் அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வருவான். போன வருஷத்திலிருந்து இருவரும் தனித்தனியே வரத் தொடங்கினார்கள். ஒருவர் வந்து உட்கார்ந்து சற்றுக் கழித்துத்தான் மற்றவர். இரண்டு பேருக்கும் ஏதோ சண்டை என்று உன் அம்மாவிடம் சொன்னேன்.

"சண்டைன்னா சேர்ந்து வந்துதான் சண்டை போடுவாங்க. இது வேற" என்றாள்.

அவள் சொன்னது சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு அவனைப் பார்க்கும் விதமே எனக்கு மாறிப்போனது. அவனுக்கு இப்போது முப்பது வயது, கண்ணாடி போட்டிருக்கிறான், இலேசாகத் தொப்பையும் விழுந்திருக்கிறது. உனக்கு வர வேண்டிய தொப்பை அது. உன் அம்மா அவனுக்கு இரண்டாம் முறை சோறு போட்டாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருநாள் அவன் கடைக்கு வந்த யாரோ ஒரு வாடிக்கையாளரைப் போல நடித்துக் காட்டினான். ஜெசிந்தா சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்படிச் சிரிக்க வைக்க உனக்கு வருமா? நீ பகிடி சொல்வதற்கு முன்னால் நீயே சிரித்துவிடுகிறவன்.

போன ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்தே வந்தார்கள். ஜெசிந்தா செய்தியைச் சொன்னாள். சுதாகர் கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தான்.

"அங்கிள், தர்ஷன் எங்கிட்ட 'அவளப் பாத்துக்க'ன்னு ஒண்ணும் சொல்லல. அப்படிச் சொன்னான்னு உங்ககிட்ட ஒரு பொய் சொல்லலாமான்னு யோசிச்சேன். சொன்னா உங்களுக்கும் லேசு, எனக்கும் லேசு. ஆனா அவன் சொல்லல. நாங்களாத்தான் முடிவு எடுத்தோம்."

இல்லாத வாக்குமூலத்தைச் சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவன் தப்பித்துக்கொள்ளவில்லை. அவனை மதிக்காமல் இருக்க முடியவில்லை என்பதே எனக்கு இன்னும் எரிச்சலைத் தந்தது.

பிறகு ஜெசிந்தா தான் வந்த காரியத்தைச் சொன்னாள். சுதாகரின் வீட்டார் பிள்ளையார் கோவிலில்தான் தாலி கட்ட வேண்டும் என்கிறார்கள். அவளுடைய அப்பா புசல்லாவையில் இருக்கிறார். தோட்டத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். கத்தோலிக்க வேதத்தை விட்டு வெளியே போகிற கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவரை உனக்கும் தெரியும். நீயும் இரண்டு முறை பஸ் ஏறிப் போய், அவர் வீட்டு வாசலோடு திரும்பி வந்தவன்தானே. அவளுக்கு அம்மா இல்லை. அம்மாவுக்கு உடன்பிறந்தவர்களும் இல்லை.

"அப்பா ஸ்தானத்துல நீங்களும் அத்தையும் நின்னு என்னத் தாரை வார்த்துக் குடுக்கணும், மாமா."

சரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளைக் கொடுப்பதற்காக இல்லை தம்பி. நான் அவளுக்கு அப்பாவானால் நீ அவளுக்கு யார்? அண்ணன். வாவிக்கரையில் ஒரு குடைக்குள் இருந்தவனை அவளுக்கு அண்ணனாக்கச் சொல்கிறாள். அவள் என்னை மாமா என்று கூப்பிடும்வரை, இந்த உலகத்தில் ஒரு மூலையிலாவது நீ அவளுடைய ஆள். அந்த ஒரு சொல்லைத் தவிர உனக்கு இங்கே என்ன மிச்சம் இருக்கிறது?

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். "நான் தாய்மாமனா நிக்கிறேனேம்மா" என்றேன். "உனக்குத் தாய்மாமனும் இல்ல. தாரை வார்க்கிறதுக்கு வேற பெரியவங்க யாராவது நிக்கட்டும். நான் மாமனா நின்னு மாலை போடுறேன். நீ என்னை மாமான்னே கூப்பிடலாம்."

அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போயிருந்த உன் அம்மா அங்கிருந்து எட்டிப் பார்த்தாள். "நான் அவளுக்கு அம்மாவா நிக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டேன். சீலையும் பார்த்து வச்சாச்சு. நான் அம்மா, நீங்க தாய்மாமன்னா நமக்குள்ள என்ன முறைங்க வரும்? இந்த வயசுல என்னத் தங்கச்சி ஆக்கப் போறீங்களா?"

ஜெசிந்தா சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். சுதாகர் சிரிக்கவில்லை.

"அங்கிள், நீங்க தாய்மாமனா நின்னா தர்ஷன் அவளுக்கு முறை மாப்பிள்ளை. நான் அவனத் தாண்டிப் போய்த் தாலி கட்டினவன். சாகுற வரைக்கும் அதான் எம்பேரு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "அப்பாவா நின்னீங்கன்னா நான் உங்க மருமகன். உங்கள நான் மாமான்னு கூப்பிடலாம்."

கேட்டாயா? அவனும் பொறாமைப்படுகிறான், உன் மேல். தொப்பையும் கண்ணாடியும் கடையும் கல்யாணமும் உள்ளவன், எதுவுமே இல்லாத உன் மேல் பொறாமைப்படுகிறான். உனக்கு வயது ஏறாது. நீ அவளோடு சண்டை பிடிக்கமாட்டாய். மின்சாரக் கட்டணம் கட்ட மறக்கமாட்டாய். உன்னை அவன் எப்படி வெல்வது? அந்தக் கணம் எனக்கு உன்னை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது. அதோடு, அவன் கேட்கிற சொல் எது என்பதும் உறைத்தது. அவள் வாயிலிருந்து போகிற அந்தச் சொல் அவன் வாய்க்குத்தான் போகப்போகிறது.

ஜெசிந்தா சிரிப்பை நிறுத்தியிருந்தாள். "மாமா, நான் அவர மறந்துட்டுப் போகல. மறக்கவும் மாட்டேன், இவருக்கே அது தெரியும். ஆனா தர்ஷன்னு பேரு வந்தாலே இவரு தலையக் குனிஞ்சிக்கிறாரு. என்ன தப்புப் பண்ணினாரு? எங்க வீட்டுல பொறக்கிற புள்ளையும் அப்பா தலை குனியிறதப் பார்த்துத்தான் வளரணுமா?"

நீயாக இருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பாய்?

"சரி, அப்பாவாவே நிக்கிறேன்" என்றேன்.

உன்னிடம் கேட்காமலே சொல்லிவிட்டேன். கோபமா? அக்கினிக்கு முன்னால் மணப்பெண்ணின் கையில் பொரி போட ஐயர் அவளுடைய சகோதரனைக் கூப்பிடுவார். அந்த இடத்தில் யாரை நிறுத்துவது என்று யாரும் பேசவில்லை. நானும் பேச்சை எடுக்கவில்லை.

போகும்போது ஜெசிந்தா காலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "அப்போ, போயிட்டு வர்றேன்" என்றாள். மாமா என்றும் சொல்லவில்லை. அப்பா என்றும் சொல்லவில்லை. சுதாகர் மட்டும் பழக்கதோஷத்தில் "வர்றேன் அங்கிள்" என்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அன்றிலிருந்து உன் அம்மா ஓய்வதே இல்லை. எனக்கு வேட்டி எடுத்தாயிற்று. தாரை வார்க்கும்போது கையை எப்படிப் பிடிப்பது என்று என்னிடம் செம்பைக் கொடுத்துப் பழக்குகிறாள். தண்ணீர் முழங்கை வழியாக வழிகிறது. "பேனா பிடிச்ச கை, செம்பு பிடிக்கத் தெரியல" என்கிறாள். நேற்றுக் காலையில் அவள் சொல்லாமலே நான் ஒருமுறை பழகிப் பார்த்தேன்.

இன்னும் தீராத விஷயம் ஒன்று இருக்கிறது. ஜெசிந்தாவின் மாதா கோயில் பாதிரியார் அவளுடைய அப்பாவிடம் பேசப் புசல்லாவைக்குப் போயிருக்கிறார். பிள்ளையார் கோவிலில் தாலி கட்டினாலும் பெற்றவர் வந்து நிற்கலாம் என்று எடுத்துச் சொல்வதாகச் சொன்னாராம். பதில் வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தெரியும். தொலைபேசியில் சொல்கிறேன் என்று ஜெசிந்தா சொல்லியிருக்கிறாள்.

அவர் வரக்கூடாது என்றுதான் மனம் சொல்கிறது. வாசலோடு உன்னைத் திருப்பி அனுப்பியவர் சுதாகருக்காக மலையிறங்கி வந்தால் எனக்கு எப்படி இருக்கும்? முதலில் அதுதான் காரணம் என்று நினைத்தேன். நேற்றுச் செம்பைக் கீழே வைக்கும்போதுதான் வேறொன்று தெரிந்தது. பெண்ணைப் பெற்று வளர்த்தவர் அவர். நான் ஒரு வாரமாகத்தான் அவளுக்கு அப்பா. அப்படியிருந்தும், அவர் வந்து என் இடத்தில் நின்று அவள் கையைப் பிடிப்பதை நினைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை. இந்தப் பொறாமை உனக்காக வந்ததில்லை, தம்பி. இது என்னுடையது.

ஒன்றை மட்டும் உனக்கு உறுதியாகச் சொல்கிறேன். அவர் வந்தால் என் இடத்தை அவருக்கு விட்டுக்கொடுப்பேன். எழும்புவதற்குக் கொஞ்சம் நேரமெடுக்கும், ஆனாலும் எழும்புவேன். வராவிட்டால் தண்ணீர் சிந்தாமல் தாரை வார்த்துக் கொடுப்பேன். எதுவானாலும், மணமேடையில் உன் பெயரை நான் சொல்லும்போது சுதாகர் நிமிர்ந்து என்னைப் பார்க்கும்படி செய்வேன்.

இப்படிக்கு,
ஞாயிற்றுக்கிழமை வரையாவது ஜெசிந்தாவுக்கும் அப்பாவாக இருக்கும்
உன் அப்பா
கட்டுக்கலை, கண்டி