தூசி இருந்துவிட்டுப் போகட்டும்

மார்ச் 3

தங்கையின் முறை முடிந்து தொலைநோக்கி இன்று என்னிடம் வந்தது. இருவரும் சேர்ந்து வாங்கியது. ஒரு மாதம் அவளிடம், ஒரு மாதம் என்னிடம். முன்னறை மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்கு ஓடினேன்.

மார்ச் 5

நேற்று மாலை மாடியில் வைத்துப் பார்த்தேன். நிலா, தண்ணீரில் போட்ட மாத்திரை மாதிரி ஓரமெல்லாம் கரைந்து நின்றது. எவ்வளவு திருகினாலும் தெளியவில்லை. காலையில் முன் லென்ஸை வெளிச்சத்தில் சாய்த்தால் வட்ட வட்டமாகக் கீறல். யாரோ துணியால் அழுத்தித் தேய்த்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ? அவளிடமிருந்துதானே வந்தது.

மார்ச் 6

போனில் கேட்டேன். கேட்டேன் என்று எழுதுகிறேன், கத்தினேன்.

"நான் லென்ஸ் பக்கமே போகலக்கா. குடுக்கறப்ப நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்ப என் வீட்ல பேய் வந்து தொடச்சுதா? சின்ன வயசுலேர்ந்து நீ தொட்டது எது உருப்பட்டிருக்கு?"

வைத்துவிட்டாள். என் வீட்டுக்காரர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "விடு, சின்னப் பொண்ணு" என்றார். பெரிய மனசுதான்!

மார்ச் 9

அவளும் பேசவில்லை. நானும்.

மார்ச் 14

விற்ற கடைக்கே எடுத்துப் போனேன். கடைக்காரம்மா முன் வளையத்தைக் கழற்றிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். முன் லென்ஸ் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கண்ணாடிகளாம். "லென்ஸ் மேலயே கண்ணாடி தொடைக்கிற மருந்து அடிச்சிருக்காங்க. அது நடுவுல எறங்கியிருக்கு. பயந்துபோய்க் கழட்டிக் காயவச்சு, ஒரு கண்ணாடியத் திருப்பிப் போட்டுட்டாங்க. தூசி இருந்தா என்னம்மா, கெடந்துட்டுப் போகுது! அமுக்குனா காத்து வர்ற ரப்பர் பந்தால அடிச்சா போதும். வாயால ஊதக்கூடாது, எச்சில் படும்."

அதைச் சரியான பக்கமாகத் திருப்பிப் போட்டார். கடை வாசலிலிருந்து தூரத்துக் கோபுர விளக்கின் ஆணிகள்கூடத் தெரிந்தன. கீறல் போகாது, ஆனால் பார்வையைப் பெரிதாகக் கெடுக்காதாம். கண்ணாடியின் விளிம்பில் நீலமாக ஒரு கறை காய்ந்திருந்தது. மோந்து பார்த்தேன். இவர் காரின் கண்ணாடிக்கு அடிக்கிற திரவம். அந்த வாசனையோடுதானே இத்தனை வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"ஆமா, நீ வேலைக்குப் போனப்ப நான்தான் தொடச்சேன். ஒரே தூசி. நல்லது செஞ்சா இதான் மரியாதை."

"அவள நான் அந்தக் கிழி கிழிச்சப்ப வாயத் தொறக்க வேண்டியதுதானே?"

"நீதான் முடிவு பண்ணிட்டியே. அக்கா தங்கச்சி நடுவுல நான் எதுக்கு?"

நடுவில் வரவில்லையாம். நடுவிலேயே உட்கார்ந்திருந்தாரே, அதே நாற்காலியில்! கோபம் கோபமாக வருகிறது. இவர்மேல் பாதி. கேட்காமல் கொள்ளாமல் பாய்ந்த என்மேல் பாதி.

மார்ச் 15

அவளிடம் எல்லாம் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அமைதியாகக் கேட்டாள்.

"சரியாயிடுச்சா? சந்தோஷம். நீயே வச்சுக்கோக்கா. நாளைக்கு இன்னொரு கீறல் விழுந்தா அதுவும் என் தலையிலதான் விடியும்."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மார்ச் 17

இவர் இன்று ஜன்னல் வழியாகத் தொலைநோக்கியை வைத்துப் பார்த்தார். "எவ்ளோ தெளிவா இருக்கு பாத்தியா? நான் தொடச்சதாலதான்."

நான் லென்ஸ் மூடியை எடுத்து மாட்டினேன். இந்த மனுஷனிடம் பேசி என்ன ஆகப்போகிறது?

ஏப்ரல் 1

அவள் முறை. வேண்டாம் என்று சொன்னாலும் அவள் முறைதானே. கடையில் வாங்கிய ரப்பர் பந்தையும் பெட்டியில் வைத்து எடுத்துப் போனேன். கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

ஏப்ரல் 6

காலையில் தங்கையிடமிருந்து செய்தி:

"லென்ஸ்ல தூசி விழுந்திருக்கு. நான் தொடைக்கல. சாயங்காலம் வந்து பாரு. மாமாவக் கூட்டிட்டு வராத."

கிளம்பும்போது இவர் வாசலில் காரின் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்கே என்று கேட்டார். "அக்கா தங்கச்சி நடுவுல நீங்க எதுக்கு?" என்றேன்.