பேன் இல்லாத தலைக்குப் பேன்சீப்பு

நேற்று நம் சீப்புக்கடைக்கு ஒரு பெண் மகளோடு வந்து பேன்சீப்பு கேட்டாள். பிள்ளையின் தலை முழுக்க ஈர் என்றாள். கொம்புச் சீப்பு டப்பாவைத் திறந்ததும் எருமைக்கொம்பு வாடை அடித்தது. கூடவே உன் நினைப்பும் வந்தது.

நம் கல்யாணம் முடிந்து நீ தாராவிக்கு வந்த புதிது, அறுபதுகளின் தொடக்கம். இடுப்பைத் தொட்ட உன் முடி ஒரே வருஷத்தில் தோளுக்கு ஏறிவிட்டது. வேரோடு உதிரவில்லை, நடுவில் ஒடிந்தது. ஒடிகிற இடத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி. குழாயடியில் அதைப் பார்த்த பக்கத்து அறைக்காரி, உன் இடுப்பிலேயே வளர்ந்த தன் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஒந்தலைல ஈரு அப்பிக் கெடக்குளா. இனிமே பிள்ளயத் தூக்காத."

இங்கே வந்ததிலிருந்தே தலைக்கும் துணிக்குப் போடும் சோடா சோப்புதான், அன்று முதல் மண்ணெண்ணெயும் சேர்ந்தது. என் சரக்கிலேயே நெருக்கமான பல் பார்த்து ஒரு பேன்சீப்பை எடுத்துக்கொண்டு வரட்டு வரட்டென்று வாரினாய். குளித்ததும் ஈர முடியைத் துண்டால் படார் படாரென்று அடித்து உலர்த்துவாய். நம் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் செய்வதுதான். பேன் ஒன்றுகூட அகப்படவில்லை, முடிதான் வந்தது. கடைசியில் திருச்செந்தூரில் மொட்டை போடப்போகிறேன் என்று நின்றாய். என்ன கோளாறு என்று தெரியாமல் நான் எதையும் கழித்துப் போடுகிறவன் இல்லை. சயானில் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

அவர் ஒரு முடியைப் பூதக்கண்ணாடிக்கடியில் வைத்து நம்மையும் பார்க்கச் சொன்னார். புள்ளி இருந்த இடத்தில் முடி நார்நாராகப் பிரிந்து, இரண்டு துடைப்பங்களை எதிரெதிரே செருகியதுபோல் இருந்தது. இது ஈர் இல்லை, வேரும் நன்றாக இருக்கிறது, முடித்தண்டுதான் நைந்துவிட்டது என்றார். மருந்து எழுதவில்லை. சோப்பு, மண்ணெண்ணெய், துண்டடி, பேன்சீப்பு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். நைந்த நுனியை வெட்டிவிட்டு, அகலப்பல் சீப்பால் மெதுவாக வாரி, தளரப் பின்ன வேண்டும். மொட்டை போட்டாலும் பழக்கம் மாறாவிட்டால் வளர்வதும் ஒடியும் என்றார்.

திரும்பி நடக்கும்போதுதான் சிரித்தாய்.

"ஏங்க, ஊருக்கெல்லாம் பேன்சீப்பு விக்கிய, நான் மட்டும் தொடக்கூடாதாக்கும்?"

யாவாரம் வேறு, வீடு வேறு என்றேன்.

"தலையப் பாத்துட்டு வித்தா என்ன கொறஞ்சா போவும்?"

முடி தோளைத் தாண்ட அடுத்த மழைக்காலம் ஆயிற்று. பக்கத்து அறைக்காரி ஒருநாள் குழந்தையை உன் மடியில் வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

நேற்று அந்தப் பிள்ளையை வெளிச்சத்தில் நிற்கவைத்து ஒரு முடியை வளைத்துப் பார்த்தேன். ஒடியவில்லை. புள்ளி ஒரு பக்கமாக ஒட்டியிருந்தது, நகத்தால் உருவினால் நகர்ந்தது. ஈரேதான். காசு குறைக்காமல் விற்றேன், தலையைப் பார்த்துவிட்டு.