ஹெட்போன் வாங்கப் போன நாள்

செவ்வாய், இரவு

கண் எரிகிறது. தூக்கம் வரவில்லை.

வேலை முடிந்ததும் மனைவி சாந்தியோடு யாழ்ப்பாணத்தில் ஒரு கடைக்குப் போனேன். கேம் விளையாட, பாட்டுக் கேட்க, படம் பார்க்க எல்லாவற்றுக்கும் உதவும் விலை குறைந்த ஹெட்போன் ஒன்று தேவைப்பட்டது. என் போன் சத்தத்தில் அவளால் பள்ளிக்கூட விடைத்தாள் திருத்த முடிவதில்லை.

முதலாவதைப் போட்டேன். பாட்டு வலப்பக்கம் மட்டும் கேட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றி, "தம்பி, உங்கடை சாமான் எல்லாம் ஒரு பக்கம் பழுது" என்றேன்.

"இல்லை அண்ணை, எல்லாம் புதுசு" என்றார் கடைக்காரர்.

சாந்தி அதை என்னிடமிருந்து வாங்கிப் போட்டுப் பார்த்தாள். "இஞ்சருங்கோ, ரண்டு பக்கமும் வடிவாக் கேக்குது."

பிறகு அதைப் பக்கம் மாற்றி என் காதில் மாட்டினாள். அப்போதும் வலப்பக்கம்தான் கேட்டது. கடைக்காரர் ஹெட்போனை விட்டு என் காதைப் பார்த்தார். வெறுங்கையோடு வெளியே வர வெட்கமாக இருந்தது. மலிவானதை வாங்கிக்கொண்டு வந்தேன்.

இணுவிலில் வீடு வரும்வரை மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து அவள் கதைத்தாளா என்று தெரியாது. வீட்டில், "நாளைக்கு லீவு போடுறன், ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றாள். ஓம் என்றேன்.

கட்டிலில் அவள் படுப்பது என் இடப்பக்கம். கொஞ்சக் காலமாக ஒரு மனத்தாங்கல் இருந்தது. இன்று கேட்டுவிட்டேன்.

"நீர் ஏன் இப்ப படுத்தாப் பிறகு என்னோடை கதைக்கிறேல்லை?"

"கதைக்கிறனான். நீங்கள் நித்திரையாக்கும் எண்டு விட்டிடுவன்."

தலையணையைத் தூக்கிக்கொண்டு வலப்பக்கம் வந்து படுத்திருக்கிறாள். ஏதோ சொல்கிறாள். விளக்கை அணைக்க வேண்டுமாம்.